படிக்கத் தெரியாததால் கைவிட்டுப் போகும் உதவித்தொகை: உங்கள் ஊரில் எப்படி?

(இணையத்தில் நடந்த உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

வைப்பாறு (விருதுநகர் மாவட்டம்)

எங்கள் தெருவில் ஒரு அத்தை இருக்கிறார். ரத்த உறவு இல்லை, ஊர் முறைக்கு அத்தை. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியே விரல் ரேகை தேய்ந்தவர். 2023-ல், குடும்பத் தலைவிகளுக்கு அரசு மாதாமாதம் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்தபோது ரேஷன் கடையில் டோக்கன் வாங்கியதிலிருந்து முகாமில் கைரேகை வைத்தது வரை நான்தான் கூடப் போனேன். செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கி 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குப் பணம் ஏறியது. அத்தைக்கு ஏறவில்லை. "எல்லாருக்கும் ஒண்ணா வருமாய்யா, மெல்ல வரும்" என்றார். நானும் வேலைக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அத்தை தன் பட்டன் போனைக் கையில் கொடுத்து, "என்னமோ நெறைய வந்து கெடக்கு, அழிச்சுக் குடு" என்றார். ரீசார்ஜ் விளம்பரங்களுக்கு நடுவே ஒரு செய்தி வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அந்தப் போனில் தமிழ் எழுத்து வராது. என் போனுக்கு அனுப்பிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டைத் தாண்டுவதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யலாம். அத்தை இருக்கும் ஓட்டு வீட்டில் இரண்டு பல்பும் ஒரு ஃபேனும்தான். ஆனால் பக்கத்தில் மகன் கட்டிய மாடி வீட்டுக்கும் இதற்கும் ஒரே மீட்டர். மேல்முறையீட்டை விசாரிக்கும் கோட்டாட்சியரிடம் இதைச் சொல்லியிருந்தால் வழி பிறந்திருக்கும். கெடு முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது.

அத்தை யாரையும் குறை சொல்லவில்லை. "எனக்கு வாசிக்கத் தெரியல, எந் தப்புதான" என்றார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கைநாட்டு வைத்த விண்ணப்பத்துக்கு எழுத்தில் பதில் போனால் அது போய்ச் சேர்ந்ததாக எப்படிக் கணக்கு வைக்க முடியும்? உங்கள் பக்கத்தில் இது எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள்.

தாலுகா வாசல்

என் அப்பா மனு எழுதுபவர். தாலுகா ஆபீஸ் எதிரே புளியமரத்தடியில் மடிப்பலகை போட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதான் போவேன், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அப்பா பேனாவை உடனே எடுக்க மாட்டார். முதலில் கேட்பார். வருகிற பாட்டி, புருஷன் செத்தது, மாடு செத்தது, மருமகள் பேசியது எல்லாம் சொல்வார். அரை மணி நேரம்கூட ஆகும். அதில் எங்கேயோ ஒரு இடத்தில் "அந்த வருசம் ரேசன் அட்டய மகன் பிரிச்சுக்கிட்டான்" என்று ஒரு வரி விழும். மனுவுக்கு வேண்டியது அந்த வரிதான். எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துக் காட்டுவார். "இதுதானம்மா நீங்க சொன்னது?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் மை டப்பாவைத் திறப்பார்.

இப்போது எல்லாம் ஆன்லைன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி கெட்டவர் இல்லை, அவருக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஆதாரில் உள்ளதை அப்படியே ஏற்றிவிடுவார். ஆதாரில் உள்ளது சரியா? வயதான பாதிப் பேருக்குப் பிறந்த தேதி 01/01 என்று இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? பிறந்த நாள் தெரியாது என்றவர்களிடம் ஆளைப் பார்த்து ஒரு வயதைக் கணித்துப் போட்டார்கள், ஜனவரி 1 தானாக விழுந்தது. ஒல்லியாக, முடி நரைக்காமல் இருந்த ஒரு அம்மாவுக்குப் பத்து வருடம் குறைத்துப் போட்டுவிட்டார்கள். அந்தத் தேதியைப் படித்துப் பார்த்து "தப்பு" என்று சொல்ல அவரால் முடியவில்லை. இப்போது பேரன் காலேஜ் படிக்கிறான், ஆதார்படி அவருக்கு 56 வயது. முதியோர் உதவித்தொகைக்கு 60 ஆக வேண்டும். பிறந்த தேதியைத் திருத்த ஒரே ஒரு தடவைதான் விடுவார்கள், அதற்கும் சான்று வேண்டும். பள்ளிக்கூடமே போகாதவரிடம் டி.சி. எங்கே இருக்கும்?

மேட்டூர்க் கால்வாய்

மனம் நோக எழுதவில்லை, ஆனாலும் ஒரு கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80 சதவீதம். இன்றைக்கு எந்த வீட்டில்தான் படித்த பிள்ளை இல்லை? என் அம்மாவும் கைநாட்டுதான். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் கவனிக்காததை எல்லாம் அரசாங்கத்தின் தலையில் போட்டால் எப்படி?

ஆரணிப் பட்டு

அண்ணா, அந்த 80-ஐப் பிரித்துப் பாருங்கள். ஆண்கள் கிட்டத்தட்ட 87, பெண்கள் 73. தருமபுரி மாவட்டம் மொத்தமாகவே 68-க்குக் கொஞ்சம் மேல்தான். அதுவும் வீட்டுக்கு வந்தவர் "படிக்கத் தெரியுமா" என்று கேட்டு எழுதிக்கொண்டதே ஒழிய, ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி எடுத்த கணக்கு இல்லை.

எங்கள் மகளிர் குழுவில் ஒரு அம்மாவின் விதவை உதவித்தொகை மாதாமாதம் அவர் கணக்கில்தான் ஏறுகிறது. ஏடிஎம் கார்டு மகனிடம். மாதம் 1,200 வருகிறது என்பதே அவருக்குத் தெரியாது. அவர் கைக்கு வந்தது 700. தொகை 1,000-ஆக இருந்தபோதும் 700, உயர்ந்த பிறகும் 700. "அவன்தான ஓடியாடி எடுத்தாறான்" என்று சமாதானம் சொல்கிறார். பாஸ்புக்கை நான் படித்துச் சொன்ன அன்று அவர் முகம் போன போக்கைப் பார்த்து, ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. வீட்டுக்குள் இருக்கும் படித்த பிள்ளை எப்போதும் உதவியாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

மகனிடம் கேட்கவே முடியாத மனுக்களும் உண்டு. அடிக்கிற கணவன் மேல் கொடுக்கிற மனுவை யாரை எழுதச் சொல்வது?

கிராமக் கணக்கு

வருவாய்த் துறையில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்துக் குறையை நானே சொல்லிவிடுகிறேன்.

முதியோர் உதவித்தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. தொகை எவ்வளவோ மாறிவிட்டது, "ஆதரவற்ற" என்ற சொல் மட்டும் கூடவே வந்துகொண்டிருக்கிறது. விசாரணைக்கு வீட்டுக்குப் போவோம். திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். "பாட்டி, உங்களுக்கு ஆதரவு யாரும் இருக்காங்களா?" என்று கேட்போம். தெருவே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் எந்தத் தாய் "எனக்கு யாரும் இல்லை" என்பார்? "எனக்கென்ன சாமி குறை, ரெண்டு சிங்கக்குட்டி இருக்கு" என்பார். ஒருவன் திருப்பூரில், ஒருவன் குடியில். இரண்டு பேரும் ஒரு வேளைச் சோறு போடுவதில்லை. ஆனால் அவர் சொன்னதை அப்படியே எழுதி, "ஆண் வாரிசு உள்ளது, தகுதியில்லை" என்று போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனவர்களில் நானும் ஒருவன். என்ன எழுதினேன் என்று அவருக்குப் படித்துக் காட்டியிருந்தால், "ஐயோ அப்படி இல்லய்யா" என்று பின்னாலேயே ஓடி வந்திருப்பார். படித்துக் காட்ட எனக்குத் தோன்றவே இல்லை. அப்படி எத்தனை வீடு என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

நாங்கள் எழுதும் தமிழும் அப்படித்தான். "பரிசீலனையில் உள்ளது" என்ற சொல்லை முதல் முறை கேட்ட ஒருவர், அது ஏதோ ஊர் என்று நினைத்து எந்த பஸ் போகும் என்று என்னிடமே கேட்டிருக்கிறார். பணம் வருமா வராதா, வராது என்றால் அடுத்து எங்கே போக வேண்டும், இவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

சாரம்

இதை நான் போனில் பேசிப் பதிகிறேன், அக்கா மகள் திருத்திக் கொடுக்கிறாள். நான் சென்ட்ரிங் வேலை செய்கிறவன். பத்தாவது வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அரசாங்கக் கணக்கில் எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். கையெழுத்தும் போடுவேன். ஆனால் ஒரு பத்தியைப் படி என்றால் எழுத்து இடம் மாறி மாறி ஓடும். ள, ன, ண எல்லாம் ஒன்றாகத் தெரியும். மக்கு என்று அடி வாங்கித்தான் வளர்ந்தேன். இதற்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர் இருப்பதே 26 வயதில்தான் தெரியும். அக்கா மகளுக்கும் அதே பிரச்சினை வந்து, அவளுடைய டீச்சர் சொல்லித் தெரிந்தது. அவளுக்கு இப்போது சிறப்புப் பயிற்சி கிடைக்கிறது, நன்றாகவே படிக்கிறாள்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் மேஸ்திரி பதிவு செய்து கொடுத்தார். அட்டை தினமும் சட்டைப் பையில்தான் இருந்தது. எப்போது புதுப்பிக்க வேண்டும் என்ற தேதி அதிலேயே அச்சடித்து இருந்தது. நான் படிக்கவில்லை. யாரிடமாவது படிக்கச் சொல்லலாம் என்றால், கையெழுத்துப் போடுகிறவன் படிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? எங்கே ஃபாரம் நீட்டினாலும் "கண்ணாடி எடுத்துட்டு வரல" என்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது.

சாரம் சரிந்து கால் முறிந்த பிறகு உதவி கேட்டுப் போனோம். அப்போதுதான் அட்டை காலாவதியாகி மூன்று மாதம் ஆனது தெரிந்தது.

கைநாட்டு வைக்கிறவரையாவது பார்த்ததும் தெரியும். என்னைப் போல எத்தனை பேர் இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் இதைப் பதிகிறேன்.

வைப்பாறு

சாரம் தம்பி, இதை இங்கே சொன்னதற்கு நன்றி. அத்தையைப் பற்றி எழுதும்போது கைநாட்டு மட்டும்தான் என் மனதில் இருந்தது.

நானுஓயா மழை (நுவரெலியா)

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கதையில் இன்னொரு முடிச்சு உண்டு. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், தமிழ் பத்திரிகை வாசிப்பார். ஆனால் வீட்டுக்கு வருகிற அரச கடிதம் பல நேரம் சிங்களத்தில் இருக்கும். கடிதத்தைக் கையில் எடுத்தவுடன் அம்மா எழுத்தறிவில்லாத ஆளாகிவிடுகிறார். 1987-இன் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழியானது. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் வாசலுக்கு அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

2023 ஜூலையில் சமுர்த்தி என்ற பழைய அரச உதவித் திட்டத்துக்குப் பதிலாக அஸ்வெசும என்ற புதிய திட்டம் வந்தது. குடும்பங்களை வகை பிரித்து 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என்று கொடுத்தார்கள். பட்டியல் வந்ததும் லட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. எங்கள் தோட்டத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். லயத்து அறைக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால் உண்டு. அது கைக்கு வந்து, சிங்களம் வாசிக்கிற கடைக்காரரிடம் காட்டி, என்ன கேட்கிறார்கள் என்று புரிந்து, ஒரு நாள் பேரை (கூலியை) விட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போவதற்குள் திகதி முடிந்துவிடும். அடையாள அட்டையில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி. சிங்களத்தில் எழுதி, ஆங்கிலத்துக்கு மாற்றி, திரும்பத் தமிழுக்கு வந்த பெயர் அது.

ஊர்க்கணக்கு

வங்கி முகவராக இருக்கிறேன். மிஷினை எடுத்துக்கொண்டு ஆறு கிராமத்துக்குப் போய்ப் பென்ஷன் கொடுக்கிற வேலை. முன்பு தபால்காரர் மணியார்டரில் கொண்டுவந்து கையில் எண்ணிக் கொடுத்தார். இப்போது கைரேகை.

புல் அறுத்த கை, பாத்திரம் தேய்த்த கை மிஷினில் விழாது. தேங்காய் எண்ணெய் தடவி, துடைத்து, பத்து விரலையும் வைத்துப் பார்ப்போம். "இன்னைக்கு விழலம்மா, நாளைக்கு வாங்க" என்றால் நாளைக்கு மறுபடி ஒரு நாள் கூலி போகும். இதில் ஏமாற்றவும் எளிது. விரல் விழுந்த பிறகும் "விழலை" என்று சொல்லிவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? சீட்டைக் கொடுத்தால் படிக்க முடியாது. அதனால் எனக்கு ஒரு பழக்கம். திரையில் வந்த தொகையைச் சத்தமாகச் சொல்லுவேன், பக்கத்தில் நிற்கிறவரையும் பார்க்கச் சொல்லுவேன், நோட்டை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து எண்ணிக் கொடுப்பேன்.

நோட்டைப் பற்றி ஒன்று. இவர்கள் எண்ணைப் பார்ப்பதில்லை, நிறத்தையும் அளவையும் பார்க்கிறார்கள். 2016-க்குப் பிறகு ஒவ்வொரு நோட்டாக நிறம் மாறியபோது, ஒரு பாட்டி புது 50 ரூபாயையும் 100 ரூபாயையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "கண்ணு, எனக்கு மறுபடி மொதல்ல இருந்து படிக்கணும் போல" என்றார். நிறத்தை வைத்து அத்தனை வருடம் கணக்குத் தப்பாமல் குடும்பம் நடத்தியவர் அவர்.

மேட்டூர்க் கால்வாய்

மேலே கேள்வி கேட்டவன் நான்தான். ராத்திரி அம்மாவிடம் பேசினேன். நான் வெளியூர் வந்த பிறகு ஏழு வருடமாகப் பக்கத்து வீட்டுப் பையனிடம் ரகசிய எண்ணைச் சொல்லித்தான் பணம் எடுத்து வாங்குகிறாராம். அவன் நல்ல பையன், ஒரு ரூபாய் குறைந்ததில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒன்னொன்னுக்கும் ஒனக்கு போன் போட்டா நீ வேலைய எப்பப் பாப்ப" என்றார். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இங்கே எழுதியிருந்தேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

வாய்தா

மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். வைப்பாறு முதலில் கேட்ட கேள்வியிலிருந்தே இன்னொரு கேள்வி பிறக்கிறது. எழுதத் தெரியாதவருக்காக எழுதிக் கொடுப்பது யார் பொறுப்பு?

சட்டத்துக்கு இது புதிது இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர் வாயால் புகார் சொன்னால், அதை எழுத்தாக்கி அவருக்குப் படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆவது பிரிவில் இருந்தது, இப்போது புதிய சட்டத்தின் 173-லும் இருக்கிறது. 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 6: எழுதித் தர முடியாதவர் வாயால் கேட்டால், அதை எழுத்தில் கொண்டுவர எல்லா நியாயமான உதவியும் செய்வது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. தயவு செய்கிறேன் என்று இல்லை, கடமை என்று சட்டமே சொல்கிறது. பிறகு ஏன் உதவித்தொகை கேட்டு வருகிற பாட்டி மட்டும் "எழுதிட்டு வாங்க" என்ற பதிலோடு வெளியே அனுப்பப்படுகிறார்? அந்த இரண்டு சட்டத்தில் இருக்கும் அதே வரியை நலத்திட்ட விதிகளிலும் சேர்க்க வேண்டும். விண்ணப்பத்துக்கு மட்டும் போதாது, விசாரணை அறிக்கைக்கும் நிராகரிப்புக்கும் சேர்த்தே. கிராமக் கணக்கு ஐயா சொன்ன திண்ணைக் கதையை நான் பத்துப் பேரிடமாவது சொல்லப்போகிறேன்.

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், ஆன்லைன் சேவைகளை எல்லோரும் அணுக முடிவது வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லியிருக்கிறது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் போட்ட வழக்கு. நம் பேச்சுக்கும் அது கை கொடுக்கும்.

உடனே செய்யக்கூடியது ஒன்று: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். மனு எழுதித் தருவது அவர்கள் வேலையிலேயே சேர்ந்தது. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

குரும்பூண்டி

நான் 1991-ல் புதுக்கோட்டையில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தவள். கல் குவாரிப் பெண்களுக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் விளக்கு வைத்துப் பாடம். அப்போது சைக்கிளும் கற்றுக்கொண்டோம், அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு நினைவில் நிற்பது வேறு. பெயர் எழுதக் கற்ற மறுவாரமே ஒரு அக்கா குவாரிக் கூலிச் சீட்டைக் கொண்டுவந்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிக்க சொல்லிக் குடு, பேரு எழுதுனது போதும்" என்றார். மறுநாளிலிருந்து கூலிச் சீட்டும் ரேஷன் அட்டையும்தான் எங்கள் பாடப் புத்தகம்.

இப்போது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. நல்லதுதான். அங்கே சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர் யாராவது இதைப் படித்தால், ஒரு நிராகரிப்புச் செய்தியை வகுப்புக்கு எடுத்துப் போங்கள். அதே நேரம் எழுபது வயதில் "படிக்கக் கற்றுக்கொள், பிறகு பென்ஷன் வாங்கு" என்று ஒருவரிடம் சொல்லவும் கூடாது.

வைப்பாறு

எல்லோருக்கும் பதில் எழுத நாளாகிவிட்டது. 2025-ல் 'உங்களுடன் ஸ்டாலின்' என்ற அரசு மனு முகாம் வந்தபோது அத்தைக்கு மறுபடி மனு கொடுத்தோம். இந்தத் தடவையும் தொடர்பு எண்ணாக அத்தையின் எண்ணைத்தான் கொடுத்தோம், ஆனால் அந்த சிம்மை என் பழைய டச் போனில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன். செய்தியைத் தொட்டால் சத்தமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறேன். ரீசார்ஜ் விளம்பரத்தையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, "இது ஒண்ணுமில்ல, கடைக்காரன்" என்று தள்ளிவிடுகிறார்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் ஊர் மடத்தில் நானும் இரண்டு நண்பர்களும் உட்காருகிறோம். யாருக்கு எந்தத் தாள் வந்திருந்தாலும் படித்துச் சொல்வோம், அவ்வளவுதான். போன தடவை ஒரு பெரியம்மா மஞ்சள் பை நிறையத் தாள் கொண்டுவந்தார். எது முக்கியம் என்று தெரியாததால் எதையும் தூக்கிப் போடவில்லையாம். கல்யாணப் பத்திரிகை, உர மூட்டை ரசீது, பேரனின் மார்க் சீட்டு, நடுவில் இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு விசாரணைக் கடிதம், இன்ன தேதியில் நேரில் வரவும் என்று.

தாலுகா வாசல், அந்தப் பெரியம்மாவுக்கும் 01/01 சிக்கல்தான். பள்ளிச் சான்று கிடையாது. என்ன செய்யலாம் என்று அப்பாவிடம் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்.

தாலுகா வாசல்

கேட்டேன். பழைய வாக்காளர் பட்டியலில் அந்தம்மா பெயர் இருக்கும் பக்கத்தின் நகல், மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்று, இரண்டையும் எடுத்து வரச் சொல்கிறார். உதாரணத்துக்கு, மூத்த மகனுக்கு 50 வயது என்றால் அம்மாவுக்கு 56 இருக்க முடியாது, அந்தக் கணக்கை மனுவில் முதல் வரியிலேயே எழுதி தாசில்தாரைப் பார்க்கலாம் என்றார். அந்த மஞ்சள் பையையும் அப்படியே கொண்டுவரட்டும், நான் ஒரு தடவை பார்க்கிறேன் என்கிறார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வந்தால் கூட்டம் இருக்காது.